சாலையில் எந்தப் பக்கம்: கைப்பழக்கம் எங்கே குறுக்கே வரும், எங்கே வராது

வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இடப்பக்கச் சாலைதான் பாதுகாப்பு என்று ஒரு பேச்சு உண்டு. வலக்கை ஸ்டியரிங்கை விடாது, இடக்கை கியரைப் பார்த்துக்கொள்ளும், அதனால் வண்டி நிதானம் தப்பாது என்பார்கள். கியர் மாற்றுவது நுணுக்கமான வேலை, அதற்குத்தான் வலக்கை வேண்டும், ஆகவே வலப்பக்கச் சாலையே இயல்பு என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே கையை வைத்து இரண்டு கட்சிக்கும் வழக்காட முடிகிறது என்றால் அந்தக் கையின் சாட்சி செல்லாது.

கணக்கும் அதையே சொல்கிறது. மனிதர்களில் பத்தில் ஒன்பது பேர் வலக்கைக்காரர்கள். எந்த நாட்டுக்குப் போனாலும் அவர்களே பெரும்பான்மை. ஆனால் உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இருக்கிறார்கள்: இந்தியா, இலங்கை, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று அந்தப் பட்டியல் நீளும். மற்றவர்கள் வலப்பக்கம். கைதான் தீர்மானித்தது என்றால் உலகம் முழுக்க ஒரே பக்கமாக ஓட்டிக்கொண்டிருக்கும்.

இன்னும் நேரடியான சாட்சி ஸ்வீடன். 1967 செப்டம்பர் 3, ஞாயிறு காலை 4.50 மணிக்கு, சாலையில் இருந்த வண்டிகள் எல்லாம் நின்று, மெல்ல எதிர்ப்பக்கத்துக்கு மாறி, 5 மணிக்கு வலப்பக்கமாகக் கிளம்பின. அதுவரை இடப்பக்கம் ஓட்டிய ஒரு நாடு பத்து நிமிடத்தில் மாறிவிட்டது. விபத்துகள் உடனே குறைந்தன. எல்லோரும் பயந்து பயந்து ஓட்டியதுதான் காரணம். பயம் தெளிந்ததும் பழைய அளவுக்கே திரும்பின. அங்கே ஒருவருடைய கையும் மாறவில்லை. சமோவா 2009 செப்டம்பர் 7 அன்று வலமிருந்து இடத்துக்கு மாறியதும் இதே கதைதான். இடப்பக்கம் ஓட்டும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் நாடுகளிலிருந்து மலிவாகக் கார் வரட்டும் என்ற கணக்கில் எடுத்த முடிவு அது.

அப்படியானால் கைக்கு வேலையே இல்லையா? சில இடங்களில் உண்டு. பக்கம் மாறி ஓட்டப் போகிறவர் அந்த இடங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் பழக்கத்தின் சேட்டை. இனி சுருக்கமாக, இடப்பக்கம் ஓட்டும் நாட்டை ‘இடது நாடு’ என்றும் மற்றதை ‘வலது நாடு’ என்றும் வைத்துக்கொள்வோம்.

குதிரைக் காலத்துக் கை

வாள் இடப்பக்க இடுப்பில் தொங்கும், வலக்கையால் உருவ வேண்டும், அதனால் எதிரே வருகிறவன் தன் வலக்கைப் பக்கம் வரும்படி இடப்பக்கம் ஒதுங்கிப் போனார்கள் என்பது எல்லோரும் சொல்லும் விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம் மெலிது. அதைவிட உறுதியானது சுமை வண்டிக் கதை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓடிய பெரிய கானஸ்டோகா வண்டிகளில் ஓட்டுநர் உட்கார வண்டியின் முன்பக்கத்தில் இருக்கை கிடையாது. அவர் இடப்பக்கப் பின்குதிரையின் மேல் உட்காருவார், அல்லது வண்டியின் இடப்பக்கமாக நடப்பார். வலக்கை சாட்டைக்கு. இடப்பக்கம் இருப்பவருக்கு, எதிரே வரும் வண்டியின் சக்கரம் தன் சக்கரத்தில் உரசாமல் போகிறதா என்று பார்க்க அந்த வண்டி தன் இடப்பக்கமாக வர வேண்டும். ஆகவே வலப்பக்கம் ஒதுங்கினார். 1792-இல் பிலடெல்பியா–லங்காஸ்டர் சாலைக்குப் பென்சில்வேனியா வலப்பக்க விதியைச் சட்டமாக்கியது. நியூயார்க் மாநிலம் 1804-இல். பிரிட்டன் 1722-இல் லண்டன் பாலத்தில் இடப்பக்கத்தைக் கட்டாயமாக்கி, 1835-இல் பொதுச் சட்டமாக்கிக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கை தீர்மானித்தது ஓட்டுநர் உட்காரும் இடத்தை. சாலையின் பக்கத்தைத் தீர்மானித்தது அந்த இடம். இன்றைக்குக் கார் ஓட்டவும் இதே விதிதான் கைகொடுக்கும்.

தோள் விதி

அந்தந்த நாட்டுக்கென்று செய்த காரில் ஓட்டுநர் எப்போதும் நடுக்கோட்டுப் பக்கம்தான் உட்காருவார். இடது நாட்டில் ஸ்டியரிங் வலப்பக்கம். நடுக்கோடு வலத்தோளை ஒட்டி ஓடும். வலது நாட்டில் ஸ்டியரிங் இடப்பக்கம். நடுக்கோடு இடத்தோளை ஒட்டி ஓடும். பக்கத்து இருக்கையில் இருப்பவர் இரண்டிலும் நடைபாதைப் பக்கம்.

எனவே ‘இடப்பக்கம் ஓட்டு’, ‘வலப்பக்கம் ஓட்டு’ என்று மனப்பாடம் செய்யாதீர்கள். களைப்பிலும் பதற்றத்திலும் முதலில் குழம்புவது இட வலம்தான். ‘கோடு என் தோளில், ஓரம் பக்கத்து சீட்டில்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வரி இரண்டு நாட்டுக்கும் பொருந்தும். ஓரத்துப் புல்லோ நடைபாதையோ உங்கள் கதவுக்கு நேரே தெரிகிறதென்றால் நீங்கள் தப்பான பக்கத்தில் இருக்கிறீர்கள். இந்த விதி உடையும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு: ஒரு நாட்டுக்குச் செய்த காரை இன்னொரு நாட்டில் ஓட்டும்போது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் உங்களைச் சோதியுங்கள்

எழுதும் கை எது என்பது தெரிந்ததுதான். அது காருக்குள் எவ்வளவு செல்லும் என்பதற்கு இரண்டு சின்னச் சோதனைகள்.

கண்: இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கட்டைவிரல்களும் ஆள்காட்டி விரல்களும் சேர்ந்து ஒரு சிறு முக்கோண ஓட்டை வரும்படி வையுங்கள். அதன் வழியாகத் தூரத்தில் உள்ள ஒரு சுவிட்சையோ கதவுக் கைப்பிடியையோ பாருங்கள். பார்வையை மாற்றாமல் ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் உங்கள் முதன்மைக் கண். சுமார் மூன்றில் இரண்டு பேருக்கு அது வலக்கண். கையும் கண்ணும் ஒரே பக்கம் இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. இடக்கைக்காரர்கள் பலருக்கும் வலக்கண்ணே முதன்மை. இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறவருக்கு இது சாலையில் பெரிய வித்தியாசம் செய்யாது. பக்கக் கண்ணாடியைப் பார்க்கத் தலை திரும்பத்தான் போகிறது. திரும்பியதும் இரண்டு கண்ணும் சேர்ந்தே பார்க்கும். வலக்கண் முதன்மை என்பதால் இடது நாடுகளில் விபத்து குறைவு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நாட்டுக்கு நாடு சாலையும் வேகமும் காவலும் மாறும்போது கண்ணை மட்டும் தனியே பிரித்து எடைபோட முடியாது.

கால்: இதில் உலகம் ஒரே கட்சி. ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்தாலும் பெடல்களின் வரிசை மாறாது. இடமிருந்து வலமாகக் கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர். கார் கண்ணாடிப் பிம்பம்போல் முழுசாகத் திரும்புவதில்லை; ஸ்டியரிங் மட்டும்தான் இடம் மாறுகிறது. ஆகவே கால்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. இடக்காலால் பிரேக் பிடித்துப் பார்க்கலாமே என்று ஆட்டோமேட்டிக் காரில் முயற்சி செய்யவும் வேண்டாம். கிளட்சை அடிவரை அழுத்தியே பழகிய கால், பிரேக்கையும் அப்படியே அழுத்தி வண்டியைச் சாலை நடுவில் நிறுத்திவிடும்.

வண்டிக்குள் கை தடுமாறும் இடங்கள்

ஆட்டோமேட்டிக் கார் கிடைக்குமானால் அதையே எடுங்கள். கைப்பழக்கத்தால் வரும் தொல்லையில் முக்கால்வாசி அதோடு ஒழிந்தது. இந்தப் பகுதியில் மீதியெல்லாம் கியர் வண்டி ஓட்டியே ஆக வேண்டியவர்களுக்கு.

கியரின் வரைபடமும் பெடல் மாதிரிதான், திரும்புவதில்லை. முதல் கியர் பெரும்பாலான கார்களில் இடப்பக்கம் மேலே. வலது ஸ்டியரிங் வண்டியில் அது ஓட்டுநரிடமிருந்து விலகி இருக்கிறது. இடது ஸ்டியரிங் வண்டியில் ஓட்டுநரை நெருங்கி இருக்கிறது. இதிலிருந்துதான் மிக மோசமான தவறு பிறக்கிறது. வலது ஸ்டியரிங்கில் பழகியவர் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது கியர்க்கம்பியைத் தன் பக்கம் லேசாக இழுத்து முன்னே தள்ளுவார். அதே பழக்கத்தோடு இடது ஸ்டியரிங் வண்டியில் தன் பக்கம் இழுத்தால் கம்பி மூன்றுக்குப் போகாது, திரும்ப முதல் கியருக்குப் போகும். வண்டி மறுத்து முரண்டு பிடித்தால் அதிர்ஷ்டம். பிடித்து அமுக்கினால் கிளட்சை விட்டவுடன் எஞ்சின் கத்தும், சக்கரங்கள் பிரேக் போட்டதுபோல் இழுக்கும், பின்னால் வருகிறவர் உங்கள் மேல் வந்து நிற்பார்.

இதற்கு மருந்து விரல்களை விட்டுவிட்டு உள்ளங்கையைப் பயன்படுத்துவது. ஐந்து, ஆறு கியர் உள்ள பெரும்பாலான கார்களில் நியூட்ரலுக்கு வந்த கம்பி உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கால் தானாகவே மூன்று–நான்கின் வரிசையில் வந்து நிற்கும். இரண்டிலிருந்து நியூட்ரலுக்குத் தள்ளி, அரை நொடி கையைத் தளர்த்தி, ஸ்பிரிங் கம்பியை நடுவுக்குக் கொண்டுவர விட்டு, திறந்த உள்ளங்கையால் நேரே முன்னால் தள்ளுங்கள். பக்கவாட்டில் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். நான்கிலிருந்து ஐந்துக்குப் போகும்போது மட்டும் வலப்பக்கம் அழுத்த வேண்டியிருக்கும். உள்ளங்கையைக் கம்பியின் இடப்பக்கம் வைத்துத் தள்ளினால் தப்பாது. எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்சை அழுத்தி, நின்ற வண்டியிலேயே இதை இருபது முறை செய்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்தால் இன்னும் நல்லது.

இங்கே இடக்கைக்காரருக்கும் வலக்கைக்காரருக்கும் வித்தியாசம் உண்டா? கொஞ்சம் உண்டு, ஆனால் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. கியர் போடுவது எந்தக் கைக்கும் சில மணி நேரத்தில் வந்துவிடும். சிக்கல், கியர் மாற்றும் அந்த ஒரு நொடியில் ஸ்டியரிங்கில் தனியாக நிற்கும் மறுகையில். இடது ஸ்டியரிங் வண்டியில் வலக்கைக்காரருக்கு அது பலம் குறைந்த இடக்கை. வலக்கை கியரைத் தேடும்போது உடம்பும் சேர்ந்து சாயும். சாயும்போது இடக்கை ஸ்டியரிங்கையும் இழுக்கும். வண்டி லேசாக வளையும். வலது ஸ்டியரிங் வண்டியில் இதே தொல்லை இடக்கைக்காரருக்கு. முதுகு சீட்டை விட்டு எழக் கூடாது. கை முழங்கைக்குக் கீழே மட்டும் அசைய வேண்டும். கியர் எட்டவில்லை என்று தோன்றினால் சீட்டை இரண்டு செ.மீ. முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடங்களில் கைகளை வைப்பதே இரண்டு வகை வண்டிக்கும் சரியான பிடி.

முதல் அரைமணி நேரம் கை கியரைத் தேடிக் கதவில் இடித்துக்கொள்வது எல்லோருக்கும் நடப்பதுதான், கவலை வேண்டாம். அதேபோல் திரும்பும் நேரத்தில் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பர் ஆடும். ஜப்பானில் அந்த நாட்டுக்கென்று செய்த வலது ஸ்டியரிங் கார்களில் இண்டிகேட்டர் தண்டு வலப்பக்கம். இடது ஸ்டியரிங் கார்களிலும், பல ஐரோப்பியக் கம்பெனிகளின் வலது ஸ்டியரிங் கார்களிலும் இடப்பக்கம். வைப்பர் ஆடியதும் பதறிக் கையை மாற்றிப் பார்வையைத் தாழ்த்துவதுதான் ஆபத்து. வைப்பர் ஆடினால் ஆடட்டும். திருப்பத்தை முடித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

உள்கண்ணாடி பெரிய தொல்லை இல்லை. ஓரிரு நாள் கண் தப்பான மூலைக்குப் போகும், பிறகு சரியாகிவிடும். ரிவர்ஸ்தான் கையை நிஜமாகவே கேட்கும். வலது ஸ்டியரிங் வண்டியில் இடத்தோள் பக்கமாகத் திரும்பிப் பின்னால் பார்ப்போம், ஸ்டியரிங் வலக்கையில் இருக்கும். இடது ஸ்டியரிங் வண்டியில் வலத்தோள் பக்கம் திரும்ப வேண்டும், ஸ்டியரிங் இடக்கைக்குப் போய்விடும். எழுதாத கையால் ரிவர்ஸில் ஸ்டியரிங் ஒடிப்பது முதல் நாளில் கோணலாகத்தான் வரும். காலியான பார்க்கிங்கில் நேராகப் பத்து மீட்டர், வளைவாகப் பத்து மீட்டர் என்று ஐந்தாறு தடவை போய்ப் பழகிக்கொள்ளுங்கள். நெரிசலான தெருவில் முதல் ரிவர்ஸ் எடுக்காதீர்கள்.

எண்பது சென்டிமீட்டர் கணக்கு

பக்கம் மாறிய முதல் நாளில் அதிகம் அடிபடுவது ஓரத்துப் பக்கக் கண்ணாடியும் அந்தப் பக்கச் சக்கரமும். காரணம் கையும் இல்லை, கவனக்குறைவும் இல்லை. ஒரு சின்னக் கழித்தல் கணக்கு.

சாதாரணக் கார் 1.8 மீட்டர் அகலம். லேன் 3.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வண்டி நடுவில் ஓடும்போது இரண்டு பக்கமும் 85 செ.மீ. மிச்சம். ஓட்டுநர் சீட் வண்டியின் நடுவிலிருந்து சுமார் 35 முதல் 40 செ.மீ. தள்ளி இருக்கிறது. பல வருடம் வலது ஸ்டியரிங் ஓட்டியவரின் உடம்பு, லேனின் நடுவுக்கு 40 செ.மீ. வலப்பக்கம் இருப்பதையே ‘சரி’ என்று பழகியிருக்கும். இடது ஸ்டியரிங் வண்டியிலும் அதே இடத்தில் உடம்பை வைத்தால், வண்டி அவருக்கு வலப்பக்கம் நீண்டு கிடப்பதால், முழு வண்டியும் 70 முதல் 80 செ.மீ. வலப்பக்கம் தள்ளிப்போகும். மிச்சமிருந்த 85-இல் 80 போய்விட்டது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிக்கு இடமே இல்லை. மூன்று மீட்டர் லேன் என்றால் சக்கரமும் ஓரத்தில் ஏறும். இடது ஸ்டியரிங்கில் பழகியவர் வலது ஸ்டியரிங் வண்டியில் ஏறினால் இதே அளவு இடப்பக்கம் தள்ளிப்போவார். இரண்டிலும் தள்ளுவது ஓரத்துப் பக்கம்தான். நிறுத்தி வைத்த வண்டிகளும் சைக்கிள்காரர்களும் இருக்கும் பக்கம்.

பக்கத்தில் இருப்பவர் ‘ரொம்ப ஓரமாகப் போகிறாய்’ என்று கத்தினால் நம்புங்கள். அவருக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியாது. இதைச் சரிசெய்ய, நேரான அகலமான இடத்தில் ஓரக்கோட்டுக்கு 80 செ.மீ. தள்ளி வண்டியை நிறுத்துங்கள். இறங்கி அளந்து உறுதி செய்யுங்கள். திரும்ப உட்கார்ந்து, அந்த ஓரக்கோடு முன்கண்ணாடியின் கீழ் விளிம்பை எந்த இடத்தில் தொடுகிறது என்று பார்த்து, அங்கே உள்பக்கம் சின்னதாக ஒட்டு நாடா ஒட்டுங்கள். பெரும்பாலான கார்களில் அது கண்ணாடியின் நடுவை ஒட்டியே வரும். ஓடும்போது கோடு நாடாவில் பட்டால் வண்டி லேனின் நடுவில் இருக்கிறது. சீட்டின் உயரத்தை மாற்றினால் நாடாவையும் மாற்ற வேண்டும். இரண்டு மூன்று நாளில் பிடுங்கிவிடலாம்.

ஒட்டித் திரும்பு, அகட்டித் திரும்பு

நேர்சாலையில் யாரும் பக்கம் மாறுவதில்லை. முன்னால் போகிற வண்டியே இழுத்துக்கொண்டு போகும். தவறு திருப்பத்தில் நடக்கிறது.

இடது நாட்டில் இடப்பக்கத் திருப்பம் ஓரத்தை ஒட்டி, சின்னதாக. வலப்பக்கத் திருப்பம் எதிர்வரிசையைக் கடந்து, பெரிதாக. வலது நாட்டில் இது அப்படியே புரளும். பக்கத்தில் வழி சொல்கிறவர் ‘வலது, இடது’ என்று மட்டும் சொன்னால் போதாது. ‘வலது, ஒட்டி’ அல்லது ‘இடது, அகட்டி’ என்று சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள். ஓட்டுபவரும் திரும்பச் சொல்ல வேண்டும். விளையாட்டாகத் தோன்றும், ஆனால் வாயால் சொன்னதை மீறி எதிர்லேனுக்குள் நுழைவது கடினம்.

அகட்டித் திரும்பும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது: முன்கண்ணாடிக்கும் ஓட்டுநர் கதவுக்கும் நடுவில் உள்ள தூண். கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஒரு ஆளையோ சைக்கிளையோ முழுசாக மறைத்துவிடும். திரும்பும் வேகமும் நடப்பவரின் வேகமும் ஒத்துப்போனால் அவர் தூணுக்குப் பின்னாலேயே கடைசிவரை ஒளிந்திருப்பார். தலையை ஒரு கை அளவு முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்த பிறகே திரும்புங்கள். பழைய வண்டியில் எந்தப் பக்கத் தூணுக்காகத் தலையை அசைத்தீர்களோ, இப்போது அதற்கு எதிர்ப்பக்கத் தூண்.

ரவுண்டானாவை இடது நாட்டில் கடிகாரச் சுற்றில் சுற்ற வேண்டும், உள்ளே சுற்றுகிறவர்கள் உங்கள் வலப்பக்கமிருந்து வருவார்கள். வலது நாட்டில் எதிர்ச்சுற்று, வருவது இடப்பக்கமிருந்து. நுழையும் முன் தலை பழைய பக்கமே திரும்பும், அங்கே யாரும் இல்லை என்று கால் ஆக்சிலரேட்டருக்குப் போகும். ஆகவே முதல் வாரம் ரவுண்டானாவின் விளிம்பில் வண்டியை முழுசாக நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நுழையுங்கள். பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். நடந்து கடக்கும்போதும் இதே கதை; நடக்கிறவர்களுக்கு ஸ்டியரிங்கோ தோள் விதியோ இல்லாததால் ஏமாறுவது இன்னும் எளிது.

சிவப்பு விளக்கில் ஒட்டித் திரும்பலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் முழுசாக நின்று பார்த்து வலப்பக்கம் திரும்பலாம். நியூயார்க் நகரத்தில் அனுமதிக்கும் பலகை இருந்தால் தவிரக் கூடாது. தெரியாத ஊரில் நின்றுவிடுவதே மேல்.

தவறு நடக்கும் வேளை

பக்கம் தப்புவது பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்தில் இல்லை. அப்போது பயம் காவலுக்கு நிற்கும். இரண்டாம் மூன்றாம் நாள், பழகிவிட்டது என்ற நினைப்பு வந்த பிறகு, வழிகாட்ட வேறு வண்டி இல்லாத இடத்தில் நடக்கும். அதிகாலைக் காலிச் சாலை. பெட்ரோல் பங்கிலிருந்தும் பார்க்கிங்கிலிருந்தும் வெளியே வரும் அந்தத் திருப்பம். ஒருவழிப் பாதை முடிந்து இருவழி தொடங்கும் இடம். யூ-டர்ன். படம் எடுக்க ஓரமாக நிறுத்திவிட்டுக் கிளம்பும் நொடி. நீண்ட விமானப் பயணத்தின் தூக்கத்தோடு நேராக வண்டி எடுப்பதும், முதல் நாளே இரவில் ஓட்டுவதும் தானாக வம்பை விலைக்கு வாங்குவது. எஞ்சினைப் போடும் ஒவ்வொரு முறையும் கையால் நடுக்கோட்டுப் பக்கத் தோளைத் தொட்டுவிட்டுக் கிளம்பும் பழக்கம் நல்லது.

எதிரே வண்டி வரும்போதுதான் தப்பான பக்கத்தில் இருப்பது தெரிந்தால் என்ன செய்வது? இதை முன்கூட்டியே மனதில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும், அப்போது யோசிக்க நேரம் இருக்காது. வலது நாட்டில் நீங்கள் தவறி இடப்பக்கம் போகிறீர்கள். எதிரே வருகிறவர் பயந்து தன் வலப்பக்கம் ஒதுங்குவார். முகத்துக்கு முகம் வரும்போது அவருடைய வலப்பக்கம் உங்களுடைய இடப்பக்கம். உங்கள் உடம்போ பழைய நாட்டுப் பழக்கத்தில் இடப்பக்கமே ஒடிக்கச் சொல்லும். இரண்டு பேரும் ஒரே மூலைக்குப் போவீர்கள். முதலில் பிரேக்கை அழுத்துங்கள்; ஒடிக்க வேண்டுமென்றால் அந்த நாட்டுச் சரியான பக்கத்துக்கு, அதாவது பக்கத்து சீட்டின் பக்கத்துக்கு மட்டும். உடம்பு சொல்லும் பக்கத்துக்கு வேண்டாம்.

சைக்கிளும் பைக்கும்

கையும் சாலையின் பக்கமும் உண்மையாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும் வாகனம் சைக்கிள்தான். பிரிட்டன், ஜப்பான் போன்ற இடது நாடுகளில் முன்பிரேக் வலக்கையில். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பாலான வலது நாடுகளிலும் முன்பிரேக் இடக்கையில். காரணம், கை காட்டித் திரும்புவது. எதிர்வரிசையைக் கடந்து அகட்டித் திரும்பும்போது நடுக்கோட்டுப் பக்கக் கையை நீட்ட வேண்டும். அப்போது ஹேண்டிலில் மிஞ்சும் ஓரப்பக்கக் கையிடம் பின்பிரேக் இருந்தால் வண்டி கவிழாமல் வேகம் குறையும். எழுதும் கை எது என்று இங்கே யாரும் கேட்கவில்லை.

வெளிநாட்டில் வாடகைச் சைக்கிள் எடுத்து, பின்பிரேக் என்று நினைத்து முன்பிரேக்கைச் சட்டென்று அழுத்தினால் ஹேண்டிலுக்கு மேலாகப் பறக்க வேண்டியதுதான். ஏறும் முன் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு ஒரு பிரேக்கை மட்டும் அழுத்திப் பாருங்கள். பத்து நொடி வேலை.

மோட்டார் பைக்கில் இந்தக் குழப்பம் இல்லை. ஆக்சிலரேட்டரும் முன்பிரேக்கும் எங்கும் வலக்கையில், கிளட்ச் இடக்கையில். சைட் ஸ்டாண்டு பொதுவாக இடப்பக்கம். அதனால் வலது நாட்டில் ஓரமாக நிறுத்தினால் பைக் சாலைப் பக்கமாகச் சாயும். சரிவான ஓரம் என்றால் வண்டியின் எடை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையை எடுங்கள்.

வண்டி ஒரு பக்கம், சாலை ஒரு பக்கம்

வலது ஸ்டியரிங் காரை வலது நாட்டுக்குள் ஓட்டிப் போகிறவர்களுக்குத் தோள் விதி தலைகீழ்: கோடு பக்கத்து சீட்டில், ஓரம் உங்கள் தோளில். மியான்மர் 1970-இல் வலப்பக்கத்துக்கு மாறிய பிறகும் நெடுங்காலம் வலது ஸ்டியரிங் வண்டிகளே அங்கே நிறைய ஓடின. ஆகவே முடியாத காரியம் இல்லை. ஆனால் ஓவர்டேக் செய்வது வேறு வித்தையாகிவிடும். லாரிக்குப் பின்னால் நெருங்கி நின்றால், எதிரே பார்க்கப் பாதி வண்டியை எதிர்லேனில் நீட்ட வேண்டியிருக்கும். மூன்று நான்கு நொடி இடைவெளி விட்டுப் பின்தங்கி நில்லுங்கள்; பார்வைக் கோணம் விரியும். சாலை உங்கள் ஓரப்பக்கம் வளையும்போது லாரியின் ஓரத்தை ஒட்டி முன்னால் தெரியும். அந்தச் சந்தர்ப்பத்தில் பார்த்துவைத்துக்கொண்டு நேர்சாலை வந்ததும் முந்தலாம். பக்கத்தில் இருப்பவரை ‘வரலாமா’ என்று கேட்கலாம், அவர் சொல்லை மட்டும் நம்பி முந்தக் கூடாது.

ஹெட்லைட்டை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். டிம் வெளிச்சம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழாது. எதிரே வருகிறவர் கண்ணில் படாதபடி அந்தப் பக்கம் தாழ்ந்தும், நடைபாதையும் பலகைகளும் தெரியும்படி ஓரப்பக்கம் உயர்ந்தும் இருக்கும். பக்கம் மாறிய நாட்டில் அந்த உயர்ந்த பகுதி நேராக எதிரே வருகிறவர் முகத்தில் அடிக்கும். விளக்கின் மேல் ஒட்டும் திருத்தப் பட்டைகள் கிடைக்கும். விளக்கு ஆறிய பிறகு துடைத்து ஒட்ட வேண்டும், ஊர் திரும்பியதும் எடுத்துவிட வேண்டும். சில புதிய கார்களில் திரையிலேயே மாற்றிக்கொள்ள வசதி உண்டு. கையேட்டைப் பார்த்துவிட்டுப் பட்டை வாங்குங்கள்.

கை உண்மையிலேயே தீர்ப்பு சொல்லும் இடம்

ஒரு கை மட்டும் வேலை செய்யும் ஒருவருக்கு எழுதும் கை எது என்பது முக்கியமில்லை, இருக்கும் கை எது என்பதே எல்லாம். கியர் வண்டியை அவர்கள் தவிர்ப்பதே நல்லது. ஆட்டோமேட்டிக் காரின் ஸ்டியரிங்கில் சுழலும் குமிழ் பொருத்தினால் ஒரு கையால் முழுச் சுற்றும் சுற்றலாம். அந்தக் குமிழ், வேலை செய்யும் கையின் பக்கத்தில் வர வேண்டும். இண்டிகேட்டர் தண்டு மறுபக்கத்தில் இருந்தால் அதை இந்தப் பக்கத்துக்கு நீட்டித்தர முடியும். வலக்கால் இயலாதவர்களுக்கு ஆக்சிலரேட்டரை பிரேக்கின் இடப்பக்கத்துக்கு மாற்றித் தரும் கருவியும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் அந்தந்த நாட்டின் உரிம விதிப்படி ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும்.

ஒரு கண்ணில் பார்வை இல்லாதவருக்கும் பக்கம் கணக்கில் வரும். அந்தப் பக்கப் பார்வையை மூக்கே மறைக்கும். இடக்கண் தெரியாதவர் வலது நாட்டின் ரவுண்டானாவில் நிற்கும்போது வண்டிகள் வருவது தெரியாத பக்கத்திலிருந்து. இடது நாட்டில் அவருக்கு இந்தத் தொல்லை இல்லை. வலக்கண் தெரியாதவருக்கு அங்கே தொல்லை. கழுத்தை மட்டும் திருப்பினால் போதாது, தோளையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். கழுத்துப் பிடிப்பு உள்ளவர்களுக்கும் இதே அறிவுரை.

ஊர் திரும்பிய பிறகு வரும் முதல் இரண்டு நாளையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் மூன்று வாரம் ஒட்டு நாடாவும் வாய்ப்பாடமுமாக ஓட்டிவிட்டு, சொந்தச் சாலைதானே என்று வீட்டு வாசலில் வண்டியை எடுத்து, காலித் தெருவில் நேராக எதிர்ப்பக்கம் போகிறவர்கள் இருக்கிறார்கள். தோளைத் தொட்டுவிட்டுக் கிளம்பும் பழக்கத்தை அந்த இரண்டு நாளும் விடாதீர்கள். இப்போது தொட வேண்டியது மறு தோள்.